பெரிய வியாழனுக்கு ஒரு தட்டம்

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. எட்டுப் பேரை வளர்த்தேன். ஆறு நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுப்போனது. எட்டுப் பேருக்கும் ஒரே பானையில்தான் சோறு. இதில் உங்கட பிள்ளை எது, தங்கச்சிட பிள்ளை எது என்று ஆரும் கேட்டால், சாப்பாட்டு நேரம் வந்து பாருங்க, கண்டுபிடிச்சா சொல்லுங்க என்பேன். ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. வேதப்புத்தகத்தை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுத வராது. இதை என் மூத்த மகன்ட மகள் எழுதுகிறாள். நான் கதைக்கிற மாதிரியே எழுது புள்ள என்று சொன்னேன். பாதி அப்படியும் பாதி புத்தகத்தில் இருக்கிற மாதிரியும் எழுதுகிறாள் போல இருக்கு. இருந்திட்டுப் போகட்டும், படித்த பிள்ளை.

எங்கள் சபைக்கு ஒரு நினைவு மலர், புத்தகமாகப் போடப் போகிறார்கள். மூத்த ஆட்கள் ஆளுக்கொன்று சொல்லுங்க என்று போதகர் கேட்டார். கோயில் கட்டின கதை, கூரை பறந்த புயலின் கதை எல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் இந்த வருசத் தபசுகாலத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின அந்த நாற்பது நாளில், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதை என்னை விட்டால் சரியாகச் சொல்ல ஆளில்லை. என் மனிசன் சொன்னால் வேறு மாதிரிச் சொல்வார்.

எங்கள் ஊர் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. வாவி என்று எழுதுகிறார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கல்முனை ரோட்டில் இருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் எங்கள் கோயில். பிரெஸ்பிற்றேரியன் சபை. சுற்றி உள்ள ஊரெல்லாம் பிள்ளையார் கோயிலும் அம்மன் கோயிலும்தான். நடுவில் நாங்கள் கொஞ்சக் குடும்பம். எங்கள் சபையில் போதகர் தனியாக ஒன்றும் முடிவெடுக்க ஏலாது. மூப்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கூடிக் கதைத்துத்தான் எதுவும் நடக்கும். திருவிருந்து அன்றைக்குச் சனம் எழும்பிப் போய் முழங்கால் போடுகிறதில்லை. நாங்கள் நீட்டு வாங்குகளில் வரிசையாக இருப்போம். மூப்பர்மார் அப்பத்தையும் கிண்ணத்தையும் நாங்கள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து தருவார்கள். விருந்துக்கு வந்த ஆட்களை எழுப்பி வரிசையில் விடுகிறதா என்று என் மாமனார் கேட்பார்.

என் மனிசன் மூப்பர். கிண்ணம் கொண்டுவருகிறது அவர்தான். எங்கள் மூத்தவன் பிறப்பதற்கு முன்னமே தொடங்கினது. வெள்ளியில் செய்த பெரிய கிண்ணம், அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வருவார். தொழில் என்று பார்த்தால் அவர் பாதையில் வேலை செய்தவர். பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆற்றுக்குக் குறுக்கே ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு படுவான்கரைக்குப் போகிற பெரிய மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பேர். அதில் நின்று நின்று அவருக்குக் காலை அகட்டி வைத்து நடக்கிற பழக்கம். கோயிலுக்குள் கிண்ணத்தோடு அப்படி நடந்து வரும்போது, தரை ஆடுகிறதோ என்று எனக்கே தோன்றும்.

அந்தக் கிண்ணத்துக்கு ரசம் செய்கிறது நான். முந்திரிகை வத்தலை, காய்ந்த கறுப்புத் திராட்சைதான், இரண்டு நாள் ஊறவைத்து, கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடித்துக் கொடுப்பேன். ஆகவே கிண்ணத்தில் இருக்கிறது என் கைவேலை, கிண்ணத்தைப் பிடிக்கிறது அவர் கை. இதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்பவும் இருக்கு.

கொரோனா வந்த பிறகு ஒரு கிண்ணத்தில் எல்லாரும் வாய் வைக்கக் கூடாது என்று ஆனது. சரிதான், நானும் மறுக்கவில்லை. கொழும்பில் இருந்து துளைபோட்ட தட்டங்களும், அந்தத் துளைக்குள் இருக்கிற பெருவிரல் அளவு கண்ணாடிக் கிண்ணங்களும் வந்தன. அதற்குக் கொஞ்சம் பின்னால் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கினது. கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள். குறையும், நிற்காது என்றார்கள். பெரிய கிண்ணமாக இருந்திருந்தால் ஆருக்கும் தெரிந்திருக்காது. சின்னக் கண்ணாடி எல்லாத்தையும் காட்டிக் கொடுத்தது. போன மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு அவர் தட்டத்தைத் தூக்கின உடனே கிலுகிலு என்று சத்தம். முன் வாங்கில் இருந்த சின்னப் பிள்ளைகள் மணி ஆட்டுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிண்ணம் துளைக்குள்ளேயே சரிந்து ரசம் தட்டத்தில் ஓடினது. அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அப்போதுதான் தபசுகாலம் வந்தது. உண்மையைச் சொன்னால் எங்கள் சபையில் முன்பெல்லாம் தபசுகாலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிய வெள்ளிக்கு மூன்று மணி ஆராதனை, அதற்குப் பிறகு கஞ்சி, அவ்வளவுதான். புதிதாக வந்த போதகர், வயதில் என் கடைசிப் பிள்ளைக்கும் இளையவர், நாற்பது நாளும் ஆயத்தப்படுவோம், வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு வீட்டில் கூடிச் செபிப்போம் என்றார். இது கத்தோலிக்க ஆட்களின் வேலை என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். அவர் கோபிக்கவில்லை. நாங்கள் ஒன்றை விடுகிறதைப் பற்றியே கதைக்கிறோம், ஒன்றை எடுக்கிறதைப் பற்றியும் யோசியுங்க, நாற்பது நாளும் செய்து பழகக்கூடிய நல்ல காரியம் ஒன்றை ஆளுக்கொன்று எடுங்க என்று பிரசங்கம் செய்தார். ஒருத்தி மாமியாரோடு கதைக்கத் தொடங்குகிறேன் என்று எடுத்தாள். ஒருவர் போனைப் பார்க்காமல் சாப்பிடுகிறேன் என்றார். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் அப்படித்தான் செய்தார், அவர் பெண்சாதி பிறகு எனக்குச் சொன்னாள்.

அந்தக் கிழமை போதகரும் இன்னும் இரண்டு மூப்பரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பாங்கில் வேலை செய்கிற தம்பி. மற்றவ ரீச்சர். எங்கள் சபையில் முதல் பெண் மூப்பர் அவதான். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தாலும் அவவுக்கு முன்னால் இருந்தால் இப்பவும் முதுகு நிமிர்ந்துவிடும். என் பிள்ளைகளில் ஐந்து பேருக்கு அவ படிப்பித்தவ.

தேத்தண்ணி குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வயல் வட்டையில் தண்ணி நிற்கிற கதை, வேளாண்மைக் கதை எல்லாம் கதைத்தார்கள். பிறகு பாங்குத் தம்பி மெல்லத் தொடங்கினார். ஐயா இவ்வளவு காலம் செய்தீர்கள், இனி ஆறுதலாக இருங்க, நாங்கள் இளம் ஆட்கள் தூக்குகிறோம் என்ற மாதிரி. நல்ல மாதிரித்தான் சொன்னார். என் மனிசன் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் கோப்பைகளைச் சத்தம் வர அடுக்கினேன்.

அவர் கடைசியில் சொன்னார்: "பெரிய வியாழனுக்கு மட்டும் தாங்க. ஆண்டவர் விருந்து வச்ச அந்த ஒரு நாள். பிறகு நீங்க சொல்ற மாதிரி."

ரீச்சர் கதையைச் சுற்றிக் கொண்டுபோகிற ஆளில்லை. "அண்ணன், அது ஆண்டவர்ர கிண்ணம். சிந்தினா?"

"சிந்தினா அண்டோட தட்டத்தக் கீழ வைக்கிறன். ஆரும் வந்து சொல்லத் தேவல்ல."

 போதகர், பெரிய வியாழனுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறுக்குச் சொல்கிறேன் என்று செபித்துவிட்டுப் போனார். அவர்கள் வாசல் கேற்றைத் தாண்ட முதலே நான் ரீச்சரைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். அதை இதில் எழுதத் தேவையில்லை. என் மனிசன் என்னைப் பார்த்து, "இஞ்ச, அவ கேட்டது சரிதானே" என்றார். பிறகு கேட்டார், "போதகர் ஒரு காரியம் எடுக்கச் சொன்னாரெல்லோ? நான் தட்டத்த எடுக்கிறன்."

அடுத்த நாளில் இருந்து பழகத் தொடங்கினார். வீட்டில் கலியாணத்துக்கு வெற்றிலை வைக்கிற பித்தளைத் தட்டம் இருந்தது. சின்னக் கிண்ணத்துக்கு எங்கே போகிறது? பேரப்பிள்ளைகள் குடித்து முடித்த இருமல் மருந்துப் போத்தல்களின் மூடிகளை நான் எறியாமல் ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியாது, நல்ல மூடி என்று வைத்தேன். அதைக் கழுவித் தண்ணி ஊற்றி அடுக்கினேன். காலையில் வெயில் ஏற முதல் கிணற்றடியில் இருந்து கேற் வரைக்கும், கேற்றில் இருந்து கிணற்றடிக்கும் நடப்பார். முற்றம் மணல். மணலில் நடந்து பழகினால் சீமெந்துத் தரை லேசாக இருக்கும் என்று அவர் கணக்கு. முதல் கிழமை ஏழு நாளும் தண்ணி எல்லாம் வேட்டியில். தென்னைக்குத் தண்ணி விடுகிறதென்றால் வாளியால் விடுங்க, மூடியால் என்னத்துக்கு என்று பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். ஆனால் விடமாட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்துகிறது குறைந்தது. நடுக்கம் குறையவில்லை. நடுங்குகிற கையோடு எப்படிப் போகிறது என்று அவர் பழகினார். முழங்கையை விலாவில் ஒட்டி வைத்து, கையை விட்டுவிட்டு, ஆற்றில் நிற்கிற மாதிரிக் காலால் தாங்கி நடந்தார். மூச்சை விடும்போது அடி வைப்பார், எடுக்கும்போது நிற்பார். அப்படி நடந்தால் பார்க்கிறவர்களுக்கு ஏதோ பூசை செய்கிற மாதிரித்தான் இருக்கும்.

அப்படித்தான் ஆனது. பக்கத்து வளவில் இருக்கிற பிள்ளை களுதாவளையில் இருந்து கலியாணம் முடித்து வந்தவள், பிள்ளையார் பக்திக்காரி. எங்களை மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் வேலிக்கு அங்காலே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். நான் என்னவென்று பார்த்தால், மெதுவான குரலில் கேட்டாள்: "மாமி, மாமா நேர்த்தி எடுத்திருக்காரா? எத்தின நாளைக்குச் செம்பு எடுக்கணும்?"

எங்களுக்குள்ளே விரத காலம் என்று அவளுக்குத் தெரியும். காலையில் ஒரு மனிசன் குளித்து வெள்ளை வேட்டி கட்டி, ஒருத்தரோடும் கதைக்காமல், தட்டத்தில் தண்ணியோடு அடி அடியாக நடந்தால் அவள் வேறு என்ன நினைப்பாள்? நேர்ந்துகொண்டு கோயிலுக்குச் செம்பில் பால் தூக்கி நடக்கிற பாற்செம்பு மாதிரி வேதக்கார ஆட்களுக்கும் ஒன்று இருக்கு என்று நினைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். பிறகு அவர் கேற்றடிக்கு வரும் நேரம் மீன்காரர் மோட்டார் சைக்கிளின் ஹோர்னை அடிக்காமல் உருட்டிக்கொண்டு போவார். பாலர் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் வாயில் விரல் வைத்துக்கொண்டு போகும். ஒரு நாள் கேற் தூணில் ஒரு செவ்வரத்தம் பூ இருந்தது.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஒரு மாதிரி. நான் போய் விளங்கப்படுத்திவிட்டு வாறன், எங்களுக்கு நேர்த்தி எல்லாம் இல்லை, ரீச்சர் காதில் விழுந்தால் இதுக்கும் கூட்டம் வைப்பா என்று சொன்னேன். அவர் பூவைக் கையில் எடுத்துத் தூசி தட்டினார். "விடு. அந்தப் புள்ள சொன்னதிலயும் ஒண்டும் பிழையில்ல" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் பாதியில் நிற்கவில்லை. காய்ச்சல் வந்த நாள் கூட நடந்தார். ஒழுங்கை பார்த்துக்கொண்டிருக்கு, எப்படி விடுகிறது?

எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டம் வந்தது. இந்தத் தபசுகாலக் கூட்டங்களுக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். எந்த வீடாக இருந்தாலும் வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டுச் சக்கரையும்தான். வசதியான வீட்டில் கட்லட், இல்லாத வீட்டில் கடன் என்று வரக்கூடாது என்று போதகர் சொன்னது. அது நல்ல ஒழுங்கு. முன்பு கூட்டத்துக்கு வீடு தர வெட்கப்பட்ட ஆட்கள் எல்லாம் இந்த முறை கேட்டு வாங்கினார்கள். வருசக் கணக்காகக் கோயிலுக்கு வராத ஒரு குடும்பம் கூடத் தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னது. பாய் விரித்து எல்லாரும் கீழே இருந்தோம். போதகரும் கீழேதான். சின்ன வீடுகளில் முழங்கால் முழங்காலோடு முட்ட இருந்து செபித்தால், ஆளுக்கு ஆள் என்ன துக்கம் என்று தெரிந்துவிடும். கோயிலில் இவ்வளவு காலம் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் செபம் முடிய அவர் எழும்பி, நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த குசினிக்குள் நேராக வந்தார். தேத்தண்ணித் தட்டத்தை நான் கொண்டுபோறன் என்றார். எனக்கு விளங்கினது. மறுக்கவில்லை. கோப்பைகள் சத்தம் போட்டன, ஆனால் குசினியில் இருந்து மண்டபம் வரைக்கும் கொண்டுவந்து பாயின் நடுவில் வைத்தார். சோசரில் கொஞ்சம் ஊற்றுண்டிருந்தது, பாயில் ஒரு சொட்டும் இல்லை. சனம் தங்கள் தங்கள் கோப்பையை எடுத்தது. நான் ரீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அவவும் தட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

போகும்போது என்னிடம் சொன்னா: "நல்லாத்தான் கொண்டுவந்தார். எண்டாலும் அக்கா, தேத்தண்ணி வேற."

நாலு வார்த்தை இந்த முறையும் தொண்டை வரைக்கும் வந்தது. தபசுகாலம் என்று விழுங்கினேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஓலையைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தோம். முடிந்த பிறகு போதகர் அவரைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை முன் நாலு வாங்கும் உங்களுக்கு, மிச்சத்தைப் பாங்குத் தம்பியும் இன்னொரு மூப்பரும் பார்ப்பார்கள் என்றார். எனக்கு அது போதவில்லை. கோயில் முழுக்கக் கொண்டு நடந்த மனிசனுக்கு நாலு வாங்கா என்று கேட்டேன். அவருக்குப் போதுமாக இருந்தது. அந்த நாலு வாங்கில் ஒன்று ரீச்சர் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பெரிய வியாழன் பின்னேரம் நான் வேளைக்கே கோயிலுக்குப் போய், பின்னால் உள்ள சின்ன அறையில் ரசத்தை ஊற்றத் தொடங்கினேன். மூன்று தட்டம். இரண்டு தட்டத்துக்கு வழக்கம்போல ஊற்றினேன். அவர் தூக்குகிற தட்டத்துக்கு, ஒவ்வொரு கிண்ணத்திலும் நாக்கு நனைகிற அளவுதான் ஊற்றினேன். ஆருக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ரசம் செய்கிறது நான், அளவும் என் கையில்.

அப்போது கதவில் ரீச்சர். வெள்ளைச் சீலை, இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல். மூன்று தட்டத்தையும் பார்த்தா. அவவுக்கு எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, பிள்ளைகள் கொப்பி அடித்ததைக் கண்டுபிடித்த கண்.  இவ போய்ச் சொன்னால் அவர் தட்டத்தைத் தொடவே மாட்டார்.

"எல்லாத்துக்கும் ஒரே அளவா இருக்கணும் அக்கா" என்றா.

நான் ரசப் போத்தலை எடுத்தேன், அவரின் தட்டத்தை நிரப்பச் சொல்கிறா என்று நினைத்து. அவ என் கையைப் பிடித்துப் போத்தலைக் கீழே வைத்தா. பிறகு மற்ற இரண்டு தட்டத்தில் இருந்தும் ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேசையில் இருந்த ஜாடிக்குள் ஊற்றினா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நானும் சேர்ந்து ஊற்றினேன். மூன்று தட்டமும் ஒரே மாதிரி ஆன பிறகு, கைலேஞ்சியால் விரலைத் துடைத்துவிட்டு, "இந்த வருசம் முந்திரிகை விலை கூடிப்போச்செண்டு சொல்லுவம்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தா. நாங்கள் இரண்டு பேரும் இத்தனை காலம் பழகி, அன்றைக்குத்தான் அவ என்னோடு பகிடி விட்டது.

ஆராதனையில் போதகர் அப்பத்தைப் பிட்டார். அப்பம் சுற்றி வந்தது. பிறகு கிண்ணம். மூப்பர்மார் எழும்பினார்கள். அவர் தட்டத்தை எடுத்தார். கிலுகிலு என்ற சத்தம் வந்தது, ஆனால் சிறிதாக. முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சுக்கு ஒரு அடி. முதல் வாங்கு முடிந்தது. நான் மூன்றாவது வாங்கில் இருந்து மடிக்குள் கையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாங்கின் நுனியில் ரீச்சர். அங்கேதான் நாங்கள் விட்ட பிழை தெரிய வந்தது. அத்தனை நாளும் நிறைந்த தட்டத்தைக் கொண்டு நடந்து பழகினாரே தவிர, அதில் இருந்து ஆரும் ஒரு மூடியை எடுக்கவில்லை. தேத்தண்ணியைக் கூடப் பாயில் வைத்த பிறகுதான் எடுத்தார்கள். கோயிலில் முன் வாங்குச் சனம் எல்லாம் தங்களுக்குக் கிட்ட இருந்த பக்கத்தில் இருந்தே எடுத்துவிட்டது. ஒரு பக்கம் வெறும் துளை, மற்றப் பக்கம் பாரம். பாதை கரையில் முட்டினதும் எல்லாரும் ஒரே பக்கத்தால் இறங்காதீங்க, சாயும், சாயும் என்று வாழ்நாள் எல்லாம் கத்தின மனிசன். ரீச்சரும் தன் பக்கத்தில் மிச்சம் இருந்த ஒன்றை எடுத்தா. தட்டம் சாய்ந்தது. அவர் பிடித்துவிட்டார், விழவில்லை. ஆனால் இரண்டு கிண்ணம் சரிந்து, ரசம் அவவின் சீலை மடியில் ஊற்றுண்டது. வெள்ளைச் சீலையில் நாவற்பழ நிறத்தில் ஒரு கை அளவு.

 அவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன். அதைச் சொல்லமாட்டேன். பாங்குத் தம்பி அங்காலே இருந்து இரண்டு அடி வைத்தார், தட்டத்தை வாங்க. போதகர் கண்ணால் அவரை நிறுத்தினார்.

ரீச்சர் சீலையைப் பார்க்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. தன் கிண்ணத்தைக் குடித்து முடித்தா. பிறகு வகுப்பில் கதைக்கிற குரலில் இல்லை, வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னா:

"எனக்குள்ளது எனக்கு வந்திட்டு அண்ணன். நீங்க மற்ற ஆக்களுக்குக் குடுங்க."

அவர் மூச்சை எடுத்தார், விட்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா, தட்டத்தை அப்படியே அரைவட்டமாகச் சுழற்றி, கிறுக்கிப் பிடித்தார். பாரமான பக்கம் சனத்தின் பக்கம் வந்தது. அடுத்தவர் எடுத்தார், அவர் திரும்பவும் கிறுக்கினார். இந்தப் பக்கம் ஒருவர் இறங்க, அந்தப் பக்கம் ஒருவர் இறங்க, பாதை நேராகப் போகிற மாதிரி. மூன்றாவது வாங்கில் எனக்கு முன்னால் வந்து நின்றார். எத்தனையோ வருசம் அவர் கையால் வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் அவர் கண்ணைப் பார்த்ததில்லை, அது அப்படிப் பார்க்கிற நேரம் இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். நாலாவது வாங்கும் முடிந்து, தட்டத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். மெதுவாக வைத்தார். சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பக்கத்து வளவுப் பிள்ளை படலையில் நின்றாள். "மாமா, நேர்த்தி நல்லபடியா முடிஞ்சுதா?"

நான் வாயைத் திறக்க முதல் அவர் சொன்னார், "ஓம் புள்ள. முடிஞ்சு."

பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் போதகரிடம் போய் இனித் தட்டத்தைத் தம்பியிடம் கொடுங்க என்றார். போதகர் ஒரு சொட்டுக்காகவா ஐயா என்று கேட்டார். ரீச்சரும் பக்கத்தில் நின்றா. நான் அப்படிக் கேட்கவில்லையே அண்ணன், அடுத்த வருசமும் நீங்கதான் என்றா. 

அவர் சொன்னார்: "நீங்க கேக்கல்ல. நான் சொன்னது. சிந்தினா வைக்கிறன் எண்டன், வச்சிட்டன். ஆரும் என்ட கையில இருந்து பறிக்கல்ல. அது காணும், போதும்."

பிறகு பாங்குத் தம்பியைப் பார்த்து, "ஒரு பக்கத்தால இறங்க விடாத மகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு அகப்பை கஞ்சி வாங்கினார். நத்தாருக்குச் சாப்பிடாமல் படுத்த மனிசன்.

உயிர்த்த ஞாயிறு அன்றைக்கு அவர் முன்னுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து இருந்தார். கலியாணம் முடித்த நாளுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கோயிலில் ஒரே வாங்கில் இருந்தது அன்றைக்குத்தான். எனக்கு எங்கே கையை வைக்கிறது என்று தெரியவில்லை, புதுப் பெண் மாதிரி. தம்பி தட்டத்தைக் கொண்டுவந்தார், கிறுக்கிக் கிறுக்கித்தான் பிடித்தார். இவர் எடுக்கும்போது கை நடுங்கினது. தம்பி ஒரு விரலை இவர் மணிக்கட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு, குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றார். கிண்ணம் நிறைய இருந்தது. அன்றைக்கு நான் நிரப்பித்தான் ஊற்றினேன்.

ரீச்சர் அந்தச் சீலையைக் கழுவினா. முழுக்கப் போகவில்லை. அதை இன்னும் கோயிலுக்கு உடுத்திக்கொண்டுதான் வருகிறா, அந்தக் கறை தெரிகிற மாதிரித்தான் கொசுவம் வைக்கிறா. வேண்டுமென்று வைக்கிறாவா, தெரியாமல் வைக்கிறாவா என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. என் மனிசன் இப்பவும் அது ரீச்சரின் கை பட்டுத்தான் சிந்தினது, அதுவும் ஒரே ஒரு சொட்டு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மலரில் வந்த பிறகு அவர் அப்படிச் சொல்ல ஏலாது.

புள்ள, எழுதினது காணும். தொடக்கத்தில இருந்து ஒருக்கா வாசி. கதவைத் திறந்து வச்சிட்டு வாசி, உன்ட அப்பப்பா முற்றத்திலதான் இருக்கார். சிந்தின இடம் வரக்குள்ள குரலைக் குறைக்காத. அதுக்கு அங்கால ரீச்சர் சொன்னது வருது, அது அவருக்கு வடிவாக் கேக்கணும்.